பில் பாக்கி வழக்குக்கு வக்கீல் அமர்த்துவது: முதல் முறை போகிறவர்களுக்கு

வக்கீலைத் தேடுவதற்கு முன்னால் ஒரு அரைநாள் வேலை இருக்கிறது. வராத பில்களை எல்லாம் எடுத்து, ஒவ்வொன்றின் தேதியையும் தொகையையும் கடன் தவணை முடிந்த நாளையும் ஒரே தாளில் எழுதுங்கள். எந்த வக்கீல், எந்த ஊரில், எவ்வளவு அவசரம் என்ற மூன்று கேள்விகளுக்கும் பாதிப் பதில் அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும். தாள் இல்லாமல் போகிறவர்கள் முதலில் கண்ணில் படும் வக்கீலை வைத்துவிட்டு, அவருக்குப் பழக்கமான வழியிலேயே வழக்கையும் ஓட்டுகிறார்கள்.

ஒரு உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம். திருப்பூரில் பனியன் துணி தயாரிக்கும் ஒரு பங்குதாரர் நிறுவனம். சென்னை வியாபாரி ஒருவரிடம் 18 லட்சம் ரூபாய் நிற்கிறது. பதினொரு பில், நடுவில் வந்த இரண்டு சிறு தொகைகள், திரும்பி வந்த 4 லட்ச ரூபாய் செக் ஒன்று.

முதலில் தேதிகள்

சரக்கு கொடுத்த பணத்துக்கு வழக்குப் போட, 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் தரும் அவகாசம் மூன்று ஆண்டு. தவணை பேசியிருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்து, பேசவில்லை என்றால் சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்து கணக்கு ஓடும். வியாபாரிகள் வழக்கமாக ஏமாறுவது இங்கேதான். “ஓடுகிற கணக்குதானே, கடைசி பில்லிலிருந்து மூன்று வருஷம்” என்பார்கள். இரண்டு பக்கமும் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிய கணக்குக்குத்தான் அந்தச் சலுகை. நீங்கள் விற்பவர், அவர் வாங்குபவர் என்று மட்டும் இருந்தால் ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனிக் கெடு. பழைய நான்கு பில்கள் செத்துப்போய், புதிய ஏழு மட்டும் உயிரோடு இருக்கலாம்.

கெடுவை நீட்டிக்க இரண்டு வழி உண்டு. கெடு முடிவதற்குள் அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த ‘இவ்வளவு பாக்கி’ என்ற ஒப்புதல் ஒன்று. ஆண்டு முடிவில் ஆடிட்டர் கேட்கும் பேலன்ஸ் கன்பர்மேஷன் கடிதம் இதற்கு அருமையான ஆவணம். செக்காகவோ எழுத்துச் சான்றோடோ வந்த பகுதித் தொகை இன்னொன்று. இரண்டுமே மூன்று ஆண்டு முடிவதற்குள் நடந்திருக்க வேண்டும். முடிந்த பிறகு வாங்கும் ஒப்புதல் இந்தக் கணக்குக்கு உதவாது.

செக் விஷயத்தில் கெடு நாட்கணக்கில் ஓடும். திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பிறகு பணம் கட்ட அவருக்கு 15 நாள். அதற்கும் கட்டவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார். நோட்டீஸில் கேட்கும் தொகை செக்கில் உள்ள தொகையாகவே இருக்க வேண்டும். 18 லட்சத்தையும் சேர்த்துக் கேட்பதாக இருந்தால் செக் தொகையைப் பிரித்து, தெளிவாக, தனியே எழுத வேண்டும்; இரண்டையும் குழப்பிய நோட்டீஸால் கேஸே விழும். செக் திரும்பியதற்கு வங்கி தரும் ரிட்டர்ன் மெமோ கையில் வந்து இருபது நாள் ஆகியிருந்தால், நல்ல வணிக வக்கீலைத் தேடி அலைவதைத் தள்ளிவைத்துவிட்டு, செக் கேஸ் நடத்தும் உள்ளூர் வக்கீல் ஒருவரை வைத்து நோட்டீஸை முதலில் அனுப்பிவிடுங்கள்.

பங்குதாரர் நிறுவனமாக இருந்தால் இன்னொரு சோதனை. நிறுவனம் பதிவாளரிடம் பதிவாகியிருக்கிறதா? பத்திரம் எழுதி பான் வாங்கி ஜி.எஸ்.டி. எடுத்தது பதிவு ஆகாது. 1932ஆம் ஆண்டு பங்குதாரர் சட்டத்தின் 69ஆவது பிரிவுப்படி, பதிவு செய்யாத நிறுவனம் தன் ஒப்பந்த உரிமைக்காக வெளியாள் மீது வழக்குப் போட முடியாது. வழக்குப் போடும் நாளில் பதிவு இருக்க வேண்டும். வழக்கு ஓடும்போது பதிந்துகொள்ளலாம் என்ற எண்ணம் உதவாது. படிவம் ‘ஏ’ சான்று கையில் இல்லையென்றால் முதல் வேலை அதுதான்.

எந்த வழி, எந்த வக்கீல்

“கேஸ் போடணும்” என்று சொல்லிக்கொண்டு போனால் எல்லா வக்கீலும் தலையாட்டுவார்கள். உண்மையில் இந்த 18 லட்சத்துக்கு மூன்று நான்கு கதவுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் தினமும் நிற்பவர்கள் வேறு வேறு ஆட்கள்.

செக் கேஸ் கிரிமினல் பக்கம் நடக்கும். செக்கை உங்கள் கணக்கில் போட்டிருந்தால், உங்கள் வங்கிக் கிளை இருக்கும் இடத்து நீதிமன்றத்துக்குத்தான் அதிகாரம். ஆகவே சென்னை வியாபாரி திருப்பூர் வந்து போக வேண்டும். இது வெறும் சட்ட நுணுக்கம் மட்டும் இல்லை, பேரத்தில் பெரிய பலம். உள்ளூர் வக்கீல் போதும்.

உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் பதிவு) உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு 2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டம் தனி வழி தருகிறது. ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. இந்தப் பாக்கித் தகராறுகளை விசாரிக்க அந்தச் சட்டம் அமைத்த வசதி கவுன்சிலில் இணையம் வழியாகவே மனுப் போடலாம். வாங்கியவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் உங்கள் பகுதிக் கவுன்சில் விசாரிக்கும். அங்கே கிடைத்த தீர்ப்பை எதிர்த்து அவர் கோர்ட்டுக்குப் போனால் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் பேச முடியும். சில இடங்களில் தடுக்கும். நடுத்தர நிறுவனத்துக்கு இந்தச் சட்டத்தில் ‘சப்ளையர்’ என்ற தகுதி இல்லை. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு கொடுத்தது வங்கிக் கடன் முன்னுரிமைக்காக மட்டும். தாமதப் பண வட்டி அவர்களுக்குக் கிடைப்பதில்லை. சரக்குக் கொடுத்த பிறகு எடுத்த உத்யம் பதிவு என்றால் எதிர்த்தரப்பு அதையே முதல் வாதமாக வைக்கும்.

மூன்றாவது வணிக நீதிமன்ற வழக்கு. 2015 சட்டம் வந்தபோது ஒரு கோடிக்கு மேற்பட்ட தகராறுகளுக்குத்தான் அது. 2018இல் வரம்பை 3 லட்சமாகக் குறைத்துவிட்டார்கள். ஆகவே நம் 18 லட்சம் இதற்குள் வரும். சாதாரண சிவில் வழக்கின் பழக்கவழக்கங்கள் இங்கே செல்லாது, அதனால்தான் இதில் கை பழகிய வக்கீல் வேண்டும் என்று சொல்வது.

நான்காவது, பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஆர்பிட்ரேஷன் விதி (தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் தனி நடுவர் தீர்ப்பார் என்பது) இருந்தால் வரும் வழி. அதைப் பார்க்காமல் பிராது போட்டால், பிரதிவாதி தன் முதல் பதிலோடு ஒரு மனுப் போட்டு வழக்கை நடுவரிடம் தள்ளிவிடுவார். ஓர் ஆண்டு வீண். திவால் சட்டத்தில் கம்பெனி லா டிரிப்யூனலுக்குப் போகலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். 2020 மார்ச் முதல் அதற்குக் குறைந்தபட்ச பாக்கி ஒரு கோடி. வாங்கியவர் கம்பெனியாகவோ எல்.எல்.பி.யாகவோ இல்லாத தனிநபர் கடைக்காரர் என்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.

ஊரையும் இங்கேயே முடிவு செய்ய வேண்டும். உங்கள் பில்லின் அடியில் ‘திருப்பூர் நீதிமன்ற வரம்புக்கு உட்பட்டது’ என்று இருக்கலாம், அவருடைய பர்ச்சேஸ் ஆர்டரில் சென்னை என்று இருக்கலாம். எது நிற்கும் என்பதை ஆவணம் பார்த்துத்தான் சொல்ல முடியும். எந்தக் கோர்ட்டோ அந்தக் கோர்ட்டில் வாரம் ஐந்து நாளும் நிற்கும் வக்கீலே நல்லது. வெளியூர் வக்கீல் வாய்தாவுக்கு வாய்தா பயணச் செலவு கேட்பார், வர முடியாத நாளில் வாய்தா வாங்குவார்.

பெயர் கேட்பதும் சரிபார்ப்பதும்

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் 36ஆவது விதி. ஆகவே ‘ஊரின் நம்பர் ஒன்’ என்று இணையத்தில் வரும் பட்டியல்களை ஒதுக்கிவிடுங்கள். உங்கள் ஆடிட்டர், தொழில் சங்கச் செயலர், இதே மாதிரிப் பாக்கியை வசூலித்த இன்னொரு யூனிட்காரர் ஆகியோரிடம் கேட்கலாம். “நல்ல வக்கீலா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். “போட்ட வழக்கு எத்தனை வருஷம் ஓடியது, பணம் கைக்கு வந்ததா, போன் எடுப்பாரா?” என்று கேளுங்கள்.

மூன்று பெயர் கிடைத்ததும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கு நிலைப் பகுதிக்குப் போங்கள். மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் தேர்ந்தெடுத்தால் வழக்கறிஞர் பெயரில் தேடும் வசதி இருக்கும். பெயரைவிடப் பார் பதிவு எண் கொடுத்துத் தேடுவது மேல். தமிழ்நாட்டில் அது எம்.எஸ். என்று தொடங்கி, எண்ணும் பதிவான ஆண்டும் சாய்கோட்டோடு வரும். பெயரில் தேடினால் இனிஷியல் முன்னே பின்னே போட்டு, எழுத்துக் கூட்டலை மாற்றி இரண்டு மூன்று தடவை பாருங்கள். முடிந்த வழக்குகளில் சிலவற்றைத் திறந்து கடைசி உத்தரவைப் படியுங்கள். ‘ஆஜராகாததால் தள்ளுபடி’ என்று அடிக்கடி கண்ணில் பட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடலாம். சமரசத்தில் முடிந்தவை நிறைய இருந்தால் அது குறையில்லை, வசூல் வழக்குக்குத் தகுதியே. வழக்கு எண்ணிக்கையை மட்டும் வைத்து எடை போட வேண்டாம்: பெரிய அலுவலகங்களில் பல வழக்கு ஜூனியர் பெயரில் பதிவாகியிருக்கும்.

‘சீனியர் வேண்டும்’ என்பவர்களுக்கு ஒரு சொல். ‘சீனியர் அட்வகேட்’ என்பது உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ தரும் தகுதி, வயதுக்கு வருவதில்லை. அவர் வக்காலத்து போட மாட்டார், உங்களிடம் நேரடியாக வழக்கு வாங்கவும் மாட்டார். இன்னொரு வக்கீல் மூலம்தான் வாதாட வருவார், அவருக்கு ஃபீஸும் தனி. 18 லட்ச ரூபாய் வசூலுக்கு அவர் தேவைப்படுவது அபூர்வம்.

முதல் சந்திப்பு

போனிலேயே எதிர்த்தரப்பின் பெயரைச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கோ அவர்களுடைய சகோதர நிறுவனத்துக்கோ அந்த வக்கீல் ஏற்கெனவே வேலை செய்திருந்தால், உங்கள் கதையைக் கேட்கும் முன்பே அவர் விலகிக்கொள்ள முடியும்.

கொண்டு போக வேண்டியவை: தேதித் தாள், பில்கள், கையெழுத்து உள்ள டெலிவரி சலான், லாரி ரசீது, இ-வே பில், லெட்ஜர், வங்கி ஸ்டேட்மென்ட், பர்ச்சேஸ் ஆர்டர், பங்குதாரர் பதிவுச் சான்று, உத்யம் சான்று. எல்லாம் நகலாக இருக்கட்டும். அசல் உங்கள் பீரோவில். சலானில் வாங்கியவர் கையெழுத்து இல்லாத பில்களைத் தனியே பிரித்து வையுங்கள். வழக்கு இடறும் இடம் அதுதான், நல்ல வக்கீல் அந்தக் கட்டைத்தான் முதலில் கேட்பார்.

துணி மட்டம், சாயம் போகிறது என்று அவர் எப்போதாவது வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அதை மறைக்காதீர்கள். எதிர்த்தரப்பு எப்படியும் காட்டும். வக்கீலிடம் சொன்னது வெளியே போகாது என்பதற்குச் சாட்சியச் சட்டமே காப்பு. அந்த உரையாடலைப் படம் பிடித்து வைத்தால் மட்டும் போதாது. போனை மாற்றாமல், அழிக்காமல் வைத்திருங்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி மின்னணு ஆவணத்தோடு சான்று இணைக்க வேண்டும். அதில் உங்கள் பகுதி ஒன்று, நிபுணர் பகுதி ஒன்று.

கேட்க வேண்டிய கேள்விகள் நான்கைந்து போதும். இந்த வழக்கில் நமக்குப் பலவீனமான இடம் எது? பதினொரு பில்லில் எது எது கெடுவுக்குள் இருக்கிறது? வாய்தாவுக்கு யார் வந்து நிற்பார், நீங்களா ஜூனியரா? வணிக நீதிமன்றத்தில் கடைசியாக முடித்த வழக்கு எந்தக் கட்டத்தில் முடிந்தது? டிகிரி (தீர்ப்பாணை) வாங்கிய பின் பணத்தை எப்படிப் பிடிப்பீர்கள்? முதல் கேள்விக்கு “பலவீனமே இல்லை, நூறு சதம் ஜெயம்” என்று பதில் வந்தால் காபி குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஃபீஸ்

வசூலாகும் தொகையில் பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று பேசும் வக்கீல் விதியை மீறுகிறார். வழக்கின் முடிவைப் பொறுத்த ஃபீஸும், கிடைக்கும் தொகையில் பங்கும் பார் கவுன்சில் விதி 20இல் தடை. ‘இப்போது எதுவும் வேண்டாம்’ என்று இனிப்பாக இருக்கும் இந்த ஏற்பாடு, சமரசம் வரும்போது உங்களுக்கும் அவருக்கும் தகராறாக முடியும்.

சரியான முறை, கட்டம் கட்டமாக: நோட்டீஸுக்கு இவ்வளவு, மத்தியஸ்தத்துக்கு இவ்வளவு, பிராது தாக்கலுக்கு இவ்வளவு, சாட்சி விசாரணை, வாதம், நிறைவேற்று மனு என்று ஒவ்வொன்றுக்கும். ‘ஒரு வாய்தாவுக்கு இவ்வளவு’ என்று ஒப்புக்கொண்டால் வழக்கு நீள நீள அவருக்கு வருமானம், உங்களுக்குச் செலவு. ஃபீஸ் வேறு, செலவு வேறு என்பதையும் ஆரம்பத்திலேயே பிரித்து எழுதுங்கள். கோர்ட் கட்டணம், சம்மன் பேட்டா, டைப்பிங், நகல் மனு, குமாஸ்தா செலவு எல்லாம் இரண்டாவது கணக்கு. தமிழ்நாட்டில் பண வழக்குக்குக் கோர்ட் கட்டணம் 2017 வரை ஏழரை சதவீதம், இப்போது 3 சதவீதம். 18 லட்சத்துக்கு 54,000 ரூபாய். கட்டிய ரசீதின் நகல் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். பின்னால் சமரசம் ஆனால் அந்தக் கட்டணத்தைத் திரும்பக் கேட்க அது வேண்டும். நீதிமன்றத்துக்கு வெளியே தாங்களாகப் பேசி முடித்தவர்களுக்கும் திருப்பித் தர வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வரி விஷயம் இரண்டு வரியில்: வக்கீல் ஃபீஸுக்கான ஜி.எஸ்.டி.யைப் பதிவுள்ள நிறுவனமான நீங்களே ரிவர்ஸ் சார்ஜில் கட்ட வேண்டும். ஓர் ஆண்டில் அவருக்குக் கொடுப்பது 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத டி.டி.எஸ். பிடிக்க வேண்டும் (2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000). மீதியை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

வக்காலத்து

வக்காலத்து என்பது உங்கள் சார்பில் ஆஜராக அவருக்கு நீங்கள் கொடுக்கும் அதிகாரம். அச்சடித்த படிவத்தில் ‘சமரசம் செய்ய, பணம் பெற, வழக்கை வாபஸ் வாங்க’ என்று எல்லா அதிகாரமும் ஒரே வாக்கியத்தில் அடுக்கப்பட்டிருக்கும். சமரசத்துக்கும் பணம் பெறுவதற்கும் உங்கள் எழுத்துச் சம்மதம் தனியே வேண்டும் என்று ஃபீஸ் கடிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பணம் நிறுவனக் கணக்குக்கே வர வேண்டும் என்பதையும். வழக்கு எண், எதிர்த்தரப்புப் பெயர் நிரப்பாத வக்காலத்திலோ வெற்றுத் தாளிலோ கையெழுத்துப் போடக் கூடாது. “அவசரத்துக்கு இருக்கட்டும்” என்று குமாஸ்தா கேட்பார். ‘நிரப்பிக் கொண்டு வாருங்கள், அஞ்சு நிமிஷத்தில் போடுகிறேன்’ என்பதே பதில்.

வழக்கு ஓடும்போது

வணிக வழக்கில் நேராகப் பிராது போட முடியாது. அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்குகள் முதலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் மத்தியஸ்தத்துக்குப் போக வேண்டும் என்பது வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவு. அதைத் தாண்டி வந்த பிராது நிராகரிக்கப்படும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. கால அளவு மூன்று மாதம், இரு தரப்பும் சம்மதித்தால் இன்னும் இரண்டு. அந்த நாட்கள் மூன்றாண்டுக் கெடுவில் சேராது. எதிர்த்தரப்பு வராவிட்டால் அதற்கு ஓர் அறிக்கை தருவார்கள். அதைப் பிராதோடு இணைக்க வேண்டும்.

பிராதோடு கையில் இருக்கும் எல்லா ஆவணமும் போய்விட வேண்டும். சாதாரண சிவில் வழக்கில் ‘அப்புறம் மார்க் பண்ணிக்கலாம்’ என்று விடும் பழக்கம் இங்கே கழுத்தை அறுக்கும். பின்னால் கொடுக்க நீதிமன்ற அனுமதியும் தக்க காரணமும் வேண்டும். தாக்கலுக்கு முந்தின நாள் ஆவணப் பட்டியலை வாங்கி உங்கள் பில் கட்டோடு ஒன்றுக்கு ஒன்று ஒப்பிடுங்கள். பிராதிலுள்ள விஷயம் உண்மை என்று உறுதிமொழியில் கையெழுத்திடுவது நீங்கள்; ஆகவே முழுவதும் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஒருவேளை நீங்கள் சம்மன் வாங்கிய பக்கம் என்றால் கெடு இன்னும் கடுமை. எதிர்வழக்குரைக்கு (பிராதுக்கு எழுத்தில் தரும் பதிலுக்கு) 30 நாள்; நீதிமன்றம் அனுமதித்தாலும் மொத்தம் 120 நாள். 121ஆவது நாள் பதில் சொல்லும் உரிமையே போய்விடும், எந்த வக்கீலாலும் மீட்க முடியாது. சம்மன் வந்த உறையின் மேல் வாங்கிய தேதியை எழுதி வையுங்கள்.

தாக்கலானதும் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த தேதியும் அன்றைய நடவடிக்கையும் தெரியும். ஒவ்வொரு வாய்தா மாலையும் பாருங்கள். மூன்று வாய்தா தொடர்ந்து ‘வாதி தரப்பு அவகாசம் கேட்டது’ என்று வந்தால் போன் போட்டுக் காரணம் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

எதிராளியின் சொத்து விவரத்தையும் இப்போதே சேகரியுங்கள்: பழைய செக்குகளில் உள்ள வங்கிக் கணக்கு எண்கள், குடோன் முகவரி, வில்லங்கச் சான்றில் தெரியும் நிலம். சொத்தை விற்றுத் தப்பப் பார்க்கிறார் என்பதற்கு ஆதாரம் கிடைத்தால் தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்கலாம். டிகிரியை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் எதை ஜப்தி செய்வது என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். கோர்ட் தேடித் தராது.

வக்கீலை மாற்றுவது

மாற்றலாம், எந்தக் கட்டத்திலும். பழைய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்ற கையெழுத்து வாங்குவது முறை. தர மறுத்தால் காரணம் சொல்லி நீதிமன்ற அனுமதியோடு புதியவர் ஆஜராகலாம். ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கட்டைக் கேட்டு, கிடைத்ததற்கு ஒப்புகை வரும்படி ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். கட்டு வராவிட்டாலும் நகல் மனுப் போட்டு நீதிமன்றத்திலிருந்தே சான்றிட்ட நகல் எடுக்கலாம். தாமதமாகும், அவ்வளவுதான்.

பணத்தைக் கையாடியது, எதிர்த்தரப்போடு சேர்ந்தது போன்ற நடத்தைக் குற்றத்துக்கு, வழக்கறிஞர் சட்டம் 35ஆவது பிரிவின் கீழ் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் தரலாம். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவதில் பயனில்லை. வக்கீல் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் தீர்ப்பாகிவிட்டது. வழக்கு தோற்றது என்பது மட்டும் புகாருக்குக் காரணம் ஆகாது.

புதியவரின் வக்காலத்து ஏறிய இரண்டு மூன்று நாளில் இ-கோர்ட்ஸில் வாதி வக்கீல் பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் அடுத்த வாய்தாவுக்கு முன்பே புதியவரின் குமாஸ்தாவை அனுப்பிப் பதிவைத் திருத்தச் சொல்லுங்கள்.